வேர் பிடித்தால் நிற்கும் மணல்

பருத்தித்துறையிலிருந்து வல்லிபுர ஆழ்வார் கோயிலைக் கடந்து போகும்போதே வீதியோரம் மணல் தெரியத் தொடங்கும். மணற்காட்டை நெருங்க நெருங்க அது மேடாகி, பின்னர் குன்றாகி, கடலையே நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். மாதர் சங்கமொன்றின் வாழ்வாதார விண்ணப்பங்களை நிரப்புவதற்காக ஒரு மாசி மாதம் அந்தப் பக்கம் சென்றிருந்தேன்.

நான் சமூகவியல் படித்தவள். மனிதரைப் பற்றிக் கேட்டு எழுதியே பழகியவள். நிலத்தைப் பற்றி அன்று எனக்குப் பாடம் சொன்னவர் ஓர் அம்மா. போரில் கணவரை இழந்து, பலமுறை இடம்பெயர்ந்து, மீண்டும் தன் வளவுக்கே வந்திருப்பவர். வளவின் பின்னால் ஒரு மணற்குன்று. அதை அள்ளிப்போக உழவு இயந்திரக்காரர் ஒருவர் விலை பேசியிருந்தார். வீட்டுக்கோ இன்னும் கூரை போட்டு முடியவில்லை.

"சும்மா கிடக்கிற மணல்தானே அம்மா, குடுத்தால் என்ன?" என்று நானும் கேட்டுவிட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. "வாரும் பிள்ளை, காட்டுறன்" என்று குன்றின் மேல் கூட்டிச் சென்றார்.

மேலே வாடைக்காற்று வீசிக்கொண்டிருந்தது. கடலின் நீரோட்டமும் அலையும் கரையில் கொண்டுவந்து போடும் மணலை வெயில் உலர்த்துகிறது. காற்று மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டும்போது உலர்ந்த மணிகள் அசையத் தொடங்கும். அவை உயரப் பறப்பதில்லை. பெரும்பாலும் நம் முழங்காலுக்குக் கீழேயே துள்ளித் துள்ளிப் போகின்றன. வழியில் ஒரு கட்டையோ செடியோ தடுத்தால், அதன் பின்னால் காற்றின் வேகம் குறைந்து மணல் விழுகிறது. விழுந்த மணலே அடுத்த மணலுக்குத் தடையாகிறது. இப்படித்தான் ஒரு பிடி மேடு, காலப்போக்கில் வீட்டை விட உயரமான குன்றாகிறது.

தடுக்க எதுவும் இல்லாவிட்டால் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. மணற்காட்டில் பழைய அந்தோனியார் ஆலயத்தின் இடிந்த சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். மணல் நகராதிருக்கவே அங்கு சவுக்கு மரங்களை நட்டிருக்கிறார்கள்.

சவுக்குக்கு முன்பே அந்த வேலையைச் செய்துவருபவை இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று சங்கக் கூட்டங்களில் எத்தனையோ தடவை நான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கொடியைக் குனிந்து பார்த்தது அன்றுதான். ஒவ்வொரு கணுவிலும் அது வேர் விடுகிறது. மணல் மூடினால் மூடிய மணலுக்கு மேலே மறுபடியும் தலை காட்டுகிறது. "மணல் காத்தோட போற சாமான் பிள்ளை. வேர் பிடிச்சால்தான் நிக்கும்" என்றார் அம்மா.

இறங்கி வந்ததும் கிணற்றில் அள்ளிய தண்ணீரைக் குடிக்கத் தந்தார். கடல் இவ்வளவு கிட்ட இருந்தும் உப்புக் கரிக்கவில்லை. மாரி மழையை மணற்குன்று உறிஞ்சி உள்ளே இறக்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரை விடப் பாரம் குறைந்தது. ஆகவே நிலத்தடியில் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கலாம் என்பது நீரியலாளர் கணக்கு. மேலே ஓரடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று நினைத்துப் பாருங்கள். குன்றை அள்ளினால் மழையைத் தேக்கும் இடம் குறைகிறது. கிணறு உவரானால் குடத்தோடு நடக்கப்போவது யார்? அந்த அம்மாவும் அவர் மகளும்தான்.

2004 மார்கழி 26 ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை இந்தக் கரையையும் விட்டுவைக்கவில்லை. குன்று இருந்தால் எல்லோரும் தப்பலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆனால் தென்கிழக்கே யால, பூந்தலப் பகுதிகளில், உயர்ந்த குன்றுகள் முறியாமல் நின்ற இடங்களில் அலை தடுக்கப்பட்டதையும், குன்றுகளுக்கு இடையிலிருந்த வெளிகளால் அது உள்ளே பாய்ந்ததையும் ஆய்வாளர்கள் பின்னர் பதிவுசெய்தார்கள்.

விண்ணப்பத்தில் சொத்து விபரம் எழுதும் இடம் வந்தது. "என்ன எழுத அம்மா?" என்றேன். "கிணறு ஒண்டு. அதைக் காக்கிற குன்று ஒண்டு" என்றார். அப்படியே எழுதினேன். கூரைக்கு உதவி கிடைக்குமா என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. என் கேள்விக்காக மன்னிப்பு மட்டும் கேட்டுக்கொண்டேன்.

கரையோரங்களில் மீளக் குடியேறியிருக்கும் சகோதரிகளே, மணல் அகழ அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதியின்றி அள்ளுவதைக் கண்டால் தனியே போய் மறிக்க வேண்டாம். சங்கமாகச் சேர்ந்து கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் எழுத்தில் கொடுங்கள். முற்றம் கூட்டும்போது வேலியோரத்து அடம்பனைப் பிடுங்கி எறியாதீர்கள். காற்றும் கடலும் நெடுங்காலமாகச் சேர்த்துத் தந்ததை, அந்தச் சிறு கொடிதான் நமக்காகப் பிடித்து வைத்திருக்கிறது.