எடையில் வராத யானை

பதினோரு மணிக்கு வேன்கள் வந்து நிற்கும்வரை மட்டாஞ்சேரி யூதத் தெரு கடைக்காரர்கள் வசம்தான். தண்ணீர் தெளித்த வாசல்கள், ஏதோ கிடங்கிலிருந்து வரும் சுக்கு வாசனை, தெருக்கோடியில் 1568இல் கட்டிய ஜெபாலயத்தின் மணிக்கூண்டு. இஸ்ரேல் என்றொரு நாடு உண்டானபிறகு இங்கிருந்த யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிப் போனார்கள். அவர்கள் இருந்த தெருவில் இன்று வரிசையாகப் பழம்பொருள் கடைகள். அதிலொன்றில் ஒரு பித்தளைத் தூக்குக்கு விலை பேசி முடித்துவிட்டு நான் காத்திருந்தேன். பையன் அதைப் புளி போட்டுத் தேய்க்கப் பின்கட்டுக்குக் கொண்டுபோயிருந்தான்.

கடைக்குள் பாதிக்குமேல் நம் சாமான்கள். செட்டிநாட்டுத் தேக்குத் தூண்கள், நிலைக்கதவு, மரப்பாச்சி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் தூசியோடு கிடப்பதெல்லாம் எல்லை தாண்டி இங்கே வந்ததும் அரண்மனைச் சாமான் ஆகிவிடுகிறது.

ஒரு பெண் கட்டைப்பையைச் சுமந்து வந்தாள். பின்னால் அவள் அப்பா, ஒரு பெரியவர். எண்பதை ஒட்டிய வயது. காலரைத் திருப்பித் தைத்த சட்டை. கையில் காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு.

"இக்கா, போன்ல சொன்னேனே... காசு."

"வா மோளே. அண்ணாச்சி, இருக்கணும்." தமிழர் என்று தெரிந்தால் மலையாளிகளுக்கு எல்லா வயதுக்காரரும் அண்ணாச்சிதான். கடைக்காரர் காரைக்குடிக்குப் போய்வந்து பழகிய தமிழ் பேசினார். பெரியவர் பஜார் ரோட்டில் ஒரு மிளகுப் பாண்டிகசாலையில் கணக்கெழுதியவர் என்பது அவர்கள் பேச்சில் தெரிந்தது. எதற்காக விற்கிறார் என்று கடைக்காரர் கேட்கவில்லை. கேட்டால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் விலை ஏறும்.

மூன்று ஆல்பங்கள், ஹோமியோபதி குப்பிகள் சில. முதல் ஆல்பம் இந்த ஊர்ச் சரித்திரம். கொச்சி ராஜாவின் சங்கு முத்திரையோடு வெள்ளிப் புத்தன்கள். அடுத்து டச்சுக் கம்பெனியின் செப்புக் காசுகள். மூன்றெழுத்தைப் பின்னிப்போட்ட முத்திரை ஒருபுறம், அலைக்குள்ளிருந்து எழும் ஜீலாந்து சிங்கம் மறுபுறம். டச்சுக்காரர்கள் 1663இல் வந்து 1795இல் ஆங்கிலேயர் கையில் ஊரை விட்டுப் போனவர்கள். காசுகளைக் கொண்டுபோகவில்லை. கடைக்காரர் பக்கங்களை மளமளவென்று புரட்டினார். டச்சுக் காசு அவர் மேசை இழுப்பறையிலேயே கிண்ணம் நிறைய இருந்தது.

குப்பியைத் திறந்தபோதுதான் நிதானித்தார். திருவிதாங்கூர்ச் சக்கரம். மிளகைவிடச் சற்றுப் பெரிய வெள்ளிப் பொட்டு. 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய் என்று போகும் அந்தக் கணக்கு. இவ்வளவு சின்னதை விரலால் எண்ணி முடியாது. கடைக்காரர் எழுந்து, வெள்ளைக்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப்போகும் குழிப் பலகையைத் தூசி தட்டி எடுத்தார். குப்பியை அதன்மேல் கவிழ்த்தார். இரண்டு கையாலும் பலகையைப் பிடித்து, முறத்தில் அரிசி புடைப்பதுபோல் லேசாக ஆட்டினார். சக்கரங்கள் ஓடித் தடுமாறி, குழிக்கு ஒன்றாக உட்கார்ந்தன. ஒரு குழியில் இரண்டு நிற்காது, ஆழம் அப்படி. திருவிதாங்கூர் கஜானாவில் சம்பளப் பட்டுவாடா இப்படித்தான் நடந்திருக்கிறது. நூறு குழியில் எத்தனை காலி என்று கடைக்காரர் விரலை ஓட்டத் தொடங்கினார்.

"எண்பத்தாறு" என்றார் பெரியவர். அதுவரை வாய் திறக்காதவர்.

பதினாலு குழி காலியாகத்தான் இருந்தது.

இரண்டாவது ஆல்பத்தில், தனியாகப் பட்டுத்துணியில் சுற்றி ஒன்று. 1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ராமர் பட்டாபிஷேகம். மகள் முகத்தில் எதிர்பார்ப்பு. கடைக்காரர் அதைக் கையில்கூட எடுக்காமல் துணியை மடித்து அவள் பக்கம் நகர்த்தினார். கம்பெனி சென்னையில் அடித்த வராகனில் திருமால் உண்டு; ஆனால் இந்த ராமர் காசைக் கம்பெனி அடிக்கவே இல்லை. கோயில் வாசல்களிலும் சந்தைகளிலும் விற்கிற பிற்காலச் சரக்கு.

"வாட்ஸாப்ல இது பல லட்சம்னு..." என்றாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். பழைய காசு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லியே ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்க வேண்டி வந்தது.

பிறகு வெள்ளி ரூபாய்கள். எல்லாம் கண்ணாடிபோல் மின்னின.

"நான்தான் நேத்து ராத்திரி விபூதி போட்டுத் துடைச்சேன் இக்கா."

கடைக்காரர் பூதக்கண்ணாடிக்குக் கீழே விக்டோரியாவின் கன்னத்தைக் காட்டினார். மயிரிழை மயிரிழையாகக் கீறல். நூறு வருடக் கருமை போய்விட்டால் சேகரிப்பவர்கள் தொடமாட்டார்கள், இனி வெள்ளி விலைதான் என்றார். பின்கட்டில் என் தூக்கைப் பரபரவென்று தேய்க்கும் சத்தம் கேட்டது. பித்தளைக்கு வேறு நியாயம் போலும்.

வெள்ளி விலை என்று முடிவானபின் வேலை வேகமாக நடந்தது. ஒவ்வொன்றையும் மேசையில் சுண்டுவார், ஓசை கேட்பார், ஆண்டு பார்ப்பார். 1940க்கு முந்தியது இடது குவியல். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அதற்குப் பிந்தியது வலது குவியல். யுத்தத்தில் பாதி வெள்ளியாகக் குறைந்தது. 1947இல் வெள்ளியே இல்லை, வெறும் நிக்கல், பின்புறம் புலி. ஓட்டைக் காலணாக்களோடு புலி ரூபாய்களையும் ஓரமாகத் தள்ளினார். புதுசாக அடித்த ரூபாய் 11.66 கிராம். தராசில் அநேகமாக எல்லாமே சற்றுக் குறைந்துதான் நின்றன. எத்தனையோ கை தேய்த்தது.

ஒன்றில் மட்டும் அவர் பூதக்கண்ணாடி இரண்டு மூச்சு அதிகம் நின்றது. பிறகு அதுவும் இடது குவியலுக்குப் போனது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஐந்தாம் ஜார்ஜ் தலை தெரிந்தது, ஆண்டு தெரியவில்லை. கட்டைவிரல் தயங்கியது தெரிந்தது. பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு அதில் பேச என்ன இருக்கிறது?

நடுவில் ஒரு வெளிநாட்டுத் தம்பதி உள்ளே எட்டிப்பார்த்து விக்டோரியாவைச் சுட்டினார்கள். நூறு வயதான காசு தொல்பொருள், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது என்று கடைக்காரர் சைகையிலேயே சொல்லி அனுப்பினார். இந்தத் தெருவில் எல்லாரும் அப்படிச் சொல்கிறார்களா, தெரியாது. இவர் சொன்னார்.

கால்குலேட்டரைத் தட்டி அவர்கள் பக்கம் திருப்பினார். மகள் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பெரியவர் தலையசைத்தார்.

"அண்ணாச்சி, அந்த நோட்டும் இருக்கட்டே. சும்மா, ஒரு ஓர்மைக்கு."

எந்தக் காசு எங்கே, யாரிடம், எதற்குப் பதிலாக வந்தது என்று ஐம்பது வருடக் கணக்கு அதில் இருக்கிறது. சங்குப் புத்தனோடு அந்த வரியையும் காட்டி விற்றால் உள்ளூர்ச் சேகரிப்பாளர்கள் என்ன தருவார்கள் என்று கடைக்காரருக்குத் தெரியும். இவ்வளவு நேரம் எடையை மட்டும் பேசியவர்.

"குடுத்துருங்கப்பா, பழைய நோட்டுதானே" என்றாள் மகள்.

பெரியவர் நோட்டைத் திறந்தார். பக்கம் தேடவில்லை, விரல் நேராகப் போய் நின்றது. கணக்குப்பிள்ளைக் குரலில் வாசித்தார்: "வரிசை 212. ரூபாய் ஒண்ணு. 1911. பன்னி யானை." நிமிர்ந்தார். "உங்க இடது குவியல்ல மேலேர்ந்து மூணாவது, தம்பி."

ஜார்ஜ் மன்னர் முடிசூடிய ஆண்டின் ரூபாய் அது. அவர் அங்கியில் பொறித்த யானைக்குத் தும்பிக்கை குட்டையாகிவிட, பன்றியைப் பொறித்துவிட்டார்கள் என்று ஆட்சேபம் கிளம்பியது. வெளியே போகாமல் மிச்சமிருந்ததை உருக்கிவிட்டு, அடுத்த வருடம் தும்பிக்கையை நீட்டி அடித்தார்கள். அதனால் 1911க்கு எடை விலை கிடையாது.

கடைக்காரர் சிரித்துவிட்டார். மூன்றாவதை எடுத்துத் தனியாக வைத்தார்.

"முன்னமே பறயாமல்லோ அண்ணாச்சி!"

"நீங்க கேக்கலையே."

கால்குலேட்டரைப் பெரியவரே இழுத்துக்கொண்டார். "இது யானைக்கு" என்று தட்டினார். "இது நோட்டுக்கு" என்று மறுபடி தட்டினார். கடைக்காரர் பார்த்துவிட்டு அழித்து வேறொன்று போட்டார். பெரியவர் அதை அழித்தார். மகள் பையின் காதைப் பிடித்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான்காவது முறை கடைக்காரர் பெருமூச்சு விட்டு "சரி" என்றார்.

"சரியில்லை" என்றார் பெரியவர்.