ஒன்பது எண்களும் ஓரெழுத்தும்

நமது பழைய தேசிய அடையாள அட்டையின் இலக்கத்தை வெறும் இலக்கம் என்றே பலர் எண்ணுகின்றனர். அதில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சொல்லும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். 2016 இல் வந்த பன்னிரண்டு இலக்க முறையிலும் இதே கணக்குத்தான். ஆண்டு நான்கு எண்களாகியது. ஆக, இலக்கத்தைக் கொடுப்பவர் தம் பிறந்த நாளையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

விபரம் கொடுப்பது கொழும்புத் தமிழருக்குப் புதிதன்று. யுத்த காலத்தில் வீட்டிலுள்ளோரின் பெயர்களைப் பொலிஸில் பதிந்து, அதன் பிரதியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தோம். அச்சம் இருந்தது. ஆயினும் அந்தத் தாள் எந்த நிலையத்தில் இருக்கிறது என்பதாவது தெரிந்திருந்தது. இன்று அட்டையைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார்கள். அனுப்புகிறோம். அது எங்கே தங்குகிறது, யார் கைக்குப் போகிறது?

சில ஆண்டுகளுக்கு முன் தெருவோரத்தில் கடலை வாங்கினேன். சுருளை விரித்தால் யாரோ ஒரு பெண்ணின் விண்ணப்பப் படிவம். பெயர், விலாசம், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் இருந்தன. கிழித்துப் போட்டேன். தாளாக இருந்தபடியால் கிழிக்க முடிந்தது.

சேர்ப்பவர்கள் காப்பார்கள் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. 2023 இல் அரசாங்கத்தின் மேகக் கணினி அமைப்பைக் கப்பம் கோரும் மென்பொருள் தாக்கியது. ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகளுக்குக் காப்புப் பிரதி இல்லாததால் அவை மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் தப்பவில்லை. காலாவதியான மென்பொருளைப் பாவித்ததும் ஒரு காரணம்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நல்லதொரு நெறியை வகுத்தது: குறித்த நோக்கத்துக்குத் தேவையானதை மட்டுமே திரட்ட வேண்டும். ஆனால் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் பிரதான பிரிவுகள் பிற்போடப்பட்டன.

சட்டம் வரும்வரை கேள்வியாவது கேட்கலாமே. பத்திரிகைத் தொழில் பழக்கிய கேள்விதான்: எதற்கு? அண்மையில் ஒரு கருமபீடத்தில் அதைக் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை திகைத்துவிட்டு, "எல்லாரும் குடுக்கினம்தானே ஐயா" என்றாள். அவளிடம் வேறு பதில் இருக்கவில்லை. அவளுக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுத்திருக்கமாட்டார்கள்.