கமராவின் குணம்

ஊரிலிருக்கும் அம்மாவின் முகம் பார்த்துக் கதைப்பதற்காகப் பழைய கணனி ஒன்றும் யூ.எஸ்.பி. கமரா ஒன்றும் வாங்கினேன். கணனி உறங்கி எழும்பினால் கமரா எழும்பாது. கழற்றிச் செருகினால்தான் படம் வரும். "எறிஞ்சுபோட்டுப் புதுசு வாங்குங்கோ" என்றார் கடைக்காரர். அதற்குக் காசு இல்லை.

என்னோடு வேலை செய்யும் பொடியன் வந்து பார்த்தான். கணனியில் இருந்தது லினக்ஸ். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அதன் மையமான கேர்னலில், கோணல் குணமுள்ள சாதனங்களுக்கென்றே ஒரு பட்டியல் உண்டு. யூ.எஸ்.பி. சாதனம் ஒவ்வொன்றும் செருகியவுடன் தன்னைச் செய்தவரின் இலக்கத்தையும் தன் மாதிரி இலக்கத்தையும் சொல்லும். கேர்னல் அவற்றைப் பட்டியலோடு ஒப்பிட்டு, ஒன்றை எழும்பியதும் மீளத் தொடக்கும். இன்னொன்றுக்குச் சற்றுப் பொறுக்கும்.

எங்கள் கமரா பட்டியலில் இல்லை. கணனி தொடங்கும்போது படிக்கும் வரியில் அந்த இரு இலக்கங்களையும் 'பி' என்ற எழுத்தையும் பொடியன் சேர்த்தான். 'உறங்கி எழும்பினால் மீளத் தொடக்கு' என்பதே அதன் பொருள். கமரா எழும்பியது.

எங்கள் தொழிற்சாலையிலும் ஒரு பழைய இயந்திரம் இருக்கிறது. பொத்தானை அழுத்தி மூன்று எண்ணியபிறகே கைப்பிடியை இழுக்க வேண்டும். அது எனக்கு மட்டுந்தான் தெரியும். நான் போகாத நாட்களில் "பழுது" என்று நிறுத்திவிடுவார்கள். கேர்னல்காரர் எழுதி வைக்கிறார்கள், நான் எழுதவில்லை. மறுநாளே மட்டையில் எழுதி இயந்திரத்தில் ஒட்டினேன்.

ஞாயிறு அம்மா திரையில் வந்தா. "மெலிஞ்சு போனாய் மோனை" என்றா.