கிழக்கே திரும்பிய ஸப்பு

சினிமாவில் கூட்டமாக நிற்பவன் நடிகனா? காந்தி படத்தின் இறுதி ஊர்வலக் காட்சிக்காக 1981 ஜனவரி 31இல் டில்லியில் சுமார் 3 இலட்சம் பேர் திரண்டனர். பெரும்பாலோர் கூலி வாங்காதவர்கள். அவர்கள் நடிக்க வந்தார்களா, அழ வந்தார்களா?

நானும் கூட்டத்தில் நின்றிருக்கிறேன். 2012 ஏப்ரல் விடுமுறையில் எங்களூரில் ஒரு தொலைக்காட்சி நாடகம் எடுத்தார்கள். கூலி, 500 ரூபாவும் சோற்றுப் பார்சலும். சந்தைக் காட்சியில் வாய் அசைய வேண்டும், சத்தம் வரக்கூடாது. கத்தியே பிழைக்கும் வாத்தியாருக்கு அது லேசான வேலையல்ல! நடந்த இடத்திலேயே ஏழு தடவை நடந்தேன்.

மறுநாள் தொழுகைக் காட்சி. பாய் விரித்து வரிசையாக நிறுத்தினார்கள். வெளிச்சம் போதாதென்று ஸப்பைக் கிழக்கே திருப்பச் சொன்னார் இயக்குநர். பக்கத்தில் நின்ற வயசாளி அசையவில்லை.

"நடிப்பெண்டாலும் நெத்தி உண்மையாத்தானே நிலத்துல படுது, மாஸ்டர்?"

சிங்களத்தில் நான்தான் எடுத்துச் சொன்னேன். அந்த இளைஞர் சற்று யோசித்தார். பிறகு கெமராவையும் விளக்குகளையும் இடம் மாற்றினார்கள். ஒரு மணித்தியாலம் சென்றது. சோற்றுப் பார்சல் ஆறிப்போயிற்று. ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

அதற்கிடையில் வயசாளி கிணற்றடிக்குப் போய் வுழூச் செய்துகொண்டு வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் நாலைந்து பேர் போனார்கள். நானும் போனேன்.