நான் பாதியில் நிறுத்திய கதை



ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு முன், இராஜபாளையத்தில் நடந்த வாலிபர் கூடுகையில் நான் ஒரு கதையைச் சொன்னேன். உங்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம்.

1960களில் பெங்களூரில் ட்ரோஜன்ஸ் என்ற பெயரில் ஒரு ராக் இசைக்குழு இருந்தது. இலங்கை வானொலியில் கேட்ட ஆங்கிலப் பாட்டுகள் அக்காலத்து இளைஞர் பலரின் கையில் கிட்டாரைக் கொடுத்தன. இவர்களும் அவர்களில் சிலர். பெங்களூரிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் இரவு விடுதி மேடைகளில் பீட்டில்ஸ் பாடல்களைப் பாடினார்கள். பின்பு குழு கலைந்தது. இன்று அந்தப் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே. அதில் பாடிய பிட்டு அப்பையா 1960களின் பிற்பகுதியில் இங்கிலாந்துக்குச் சென்றார். உடனிருந்த கென் ஞானகன் இறையியல் பயின்று ஊழியத்துக்கு வந்தார். "ஒருவர் உலகத்தைத் தேடிப் போனார், மற்றவர் கர்த்தரைத் தேடி வந்தார். நீ எந்தப் பக்கம்?" என்று கேட்டு முடித்தேன்.

அந்தக் கேள்வியை நான் எல்லாரிடமும் கேட்கவில்லை. ஒரே ஒரு தம்பியிடம் கேட்டேன். நூற்பாலையில் இரவு ஷிப்ட் முடித்து, முகம் கழுவிக்கொண்டு நேராக ஆலயத்துக்கு வந்து கிட்டார் வாசித்தவன் அவன். திருவிழாக் காலங்களில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவோடும் வாசித்தான். அது எனக்குப் பிடிக்கவில்லை. கூடுகை முடிந்ததும் தனியே அழைத்து, "இங்கே அல்லது அங்கே" என்றேன். அவன் மறுமொழி சொல்லவில்லை. கிட்டாரை ஆலயத்தின் பின்னறையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். அது சபை வாங்கிய வாத்தியமன்று. அவனுடைய சம்பளத்தில் வாங்கியது. அதன்பின் அவன் வரவில்லை. அவனுடைய தாயார் மட்டும் ஞாயிறுதோறும் மூன்றாம் வரிசையில் தனியே அமர்ந்திருக்கிறார்.

2021இல் கென் ஞானகன் காலமானபோது அவரைப் பற்றிப் பலர் எழுதினார்கள். அவற்றை வாசித்த பிறகே நான் சொன்னது பாதிக் கதை என்று தெரிந்தது. அவர் பிரசங்க பீடத்தோடு நின்றுவிடவில்லை. ஆசிய இறையியல் கழகத்தின் பொதுச் செயலாளராகப் பணியாற்றிய அதே மனிதர், பெங்களூரில் ஆக்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போஸ்தலருடைய நடபடிகளின் ஆங்கிலப் பெயர் அது. அதன் எழுத்துகளுக்கு அவர் வைத்த விரிவோ வேளாண்மை, கைவினை, தொழில், கல்வி. கடவுளின் உலகத்தைக் காப்பதும் விசுவாசத்தின் வேலையே என்று சுற்றுச்சூழலைக் குறித்து ஓர் இறையியல் நூலும் எழுதினார். நான் உலகம் என்று ஒதுக்கியதற்குள் அவர் கைநிறைய வேலையோடு நின்றிருந்தார்.

மற்றவரையும் நான் கெட்ட குமாரனாகவே சித்திரித்திருந்தேன். அவர் செய்தது இசை, வேறொன்றுமில்லை. 1974இல் கார்ல் டக்ளஸ் பாட, அவர் தயாரித்த 'குங் ஃபூ ஃபைட்டிங்' இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் முதலிடம் பெற்றது. இசைத்தட்டின் மறுபக்கத்தை நிரப்புவதற்காக, ஒலிப்பதிவு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடங்களில் அவசரமாகப் பதிவுசெய்த பாட்டு அது. 1980இல் 'குர்பானி' படத்துக்காக நாசியா ஹசன் என்ற பள்ளிச் சிறுமியைப் பாடவைத்தவரும் அவரே. இதில் எந்தப் பாவத்தைக் கண்டேன்? இப்போது யோசித்தால் சொல்லத் தெரியவில்லை.

ஆதியாகமம் 4ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இசைக்கருவி வாசிப்போருக்குத் தகப்பன் என்று அங்கே குறிக்கப்படும் யூபால் காயீனின் வம்சத்தான். நம் தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு அந்த இடத்தில் 'நாகசுரக்காரர்' என்றே சொல்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியற்காலையில் காதில் விழும் அதே நாகசுரம்! கின்னரம் காயீனின் வீட்டில் பிறந்தது என்பதற்காகத் தாவீது அதைத் தொடாமல் இருக்கவில்லை. அவர் அதை வாசித்த முதல் இடமாக நாம் காண்பது ஆலயமுமன்று. மனம் கலங்கிக் கிடந்த ஓர் அரசனின் வீடு.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அவனைப் பார்க்க எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன. வெட்கமே காரணம். கடந்த சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பால்கோவாக் கடை ஒன்றின் மாடியில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறான். ஆறேழு பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கய்யா" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். பிள்ளைகள் போகும்வரை காத்திருந்தேன். பின்பு, "தம்பி, அன்று நான் சொன்னது தவறு. என்னை மன்னித்துவிடு" என்றேன்.

அவன் வெகுநேரம் ஜன்னலையே பார்த்திருந்தான். "அந்த லண்டனுக்குப் போனவர் கடைசியில் என்ன ஆனார் ஐயா?" என்று கேட்டான். அந்தப் பத்து நிமிடப் பாட்டின் கதையைச் சொன்னேன். சிரித்தான். ஆலயத்துக்கு வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களிடம் ஒன்று வேண்டிக்கொள்கிறேன். அவன் யாரென்று மூத்தோர் அறிவீர்கள். வழியில் கண்டால், எப்போது வருகிறாய் என்று தயவுசெய்து கேட்காதிருங்கள். சுகமா என்று மட்டும் கேளுங்கள்.

படியிறங்கும்போது அவன் பின்னாலிருந்து அழைத்தான். "அந்தக் கிட்டார் இன்னும் அங்கே இருக்கிறதா ஐயா?"

"இருக்கிறது. இரண்டு தந்தி அறுந்துபோயிற்று."

"அம்மாவிடம் புதுத் தந்தி கொடுத்து அனுப்புகிறேன்" என்றான்.