மார்கழியில் மல்லிகை தேடாதீர்கள்

மார்கழி பிறந்தால் மல்லிகை விலை கிலோ ஆயிரங்களுக்கு ஏறிவிடும். தை முகூர்த்தங்கள் வந்தால் கேட்கவே வேண்டாம். பூக்காரம்மாவிடம் நின்று வழக்காடுகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: செடி ஓய்வெடுக்கிறது, விட்டுவிடுங்கள். மதுரைப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் கார்த்திகை வாக்கில் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி, இலையை உருவி, எருவைப் போட்டுவிடுவார்கள். அந்த வெட்டுப்பட்ட குச்சி துளிர்த்து, கூடை கூடையாகக் கொட்டுவது பங்குனியில்தான். அதுவரை மல்லிகை இல்லை என்று ஏங்குகிறவர்கள், பனிக்காலம் கையில் கொண்டு வந்து கொடுப்பதைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

பனிக்காலத்துக்கென்றே டிசம்பர் பூ இருக்கிறது. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு என்று வேலி முழுக்கப் பூக்கும். வாசனை இல்லை என்று அதை ஒதுக்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடுநடுவே மரிக்கொழுந்து வைத்துக் கட்டினால் அந்தக் குறையும் தீர்ந்தது. சாமந்தியும் குளிரின் பூதான். பகல் குறுகி இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். பூப்பதைத் தள்ளிப்போட நினைக்கும் விவசாயிகள் வயலில் இரவு நேரத்தில் விளக்கெரிப்பார்கள். இருட்டு போதாத செடி இலையாகவே வளர்ந்துகொண்டிருக்கும். இதை முதன்முதலில் கேட்டபோது வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். இருட்டு குறையாகத்தான் வரும் என்று நினைத்துப் பழகிய நமக்கு, இருட்டையே உணவுபோல எதிர்பார்த்து நிற்கும் செடி சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறது.

என் கணவர் காலமான வருடம், வழக்கப்படி வாசலில் கோலம் கிடையாது. ஆடியில் அவர் ஊன்றிய பரங்கி விதை கொடியாகி, கூரையேறி, மார்கழியில் மஞ்சள் மஞ்சளாகப் பூத்தது. எங்கள் நெல்லைப் பக்கம் அந்தப் பூவைச் சாண உருண்டையில் செருகிக் கோலத்தின் நடுவே வைப்போம். பிறகு அந்த உருண்டைகளைத் தட்டிக் காயவைத்து, சிறுவீட்டுப் பொங்கல் முடிந்ததும் ஆற்றில் விடுவோம். அந்த வருடம் எங்கள் பூவுக்கு வாசல் இல்லை. பக்கத்து வீட்டுச் சிறுமி விடியுமுன் வந்து, "ஆச்சி, பறிச்சுக்கட்டுமா?" என்று கேட்டாள். எந்தப் பூவைப் பறிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நீளக் காம்பில் நிற்பது ஆண் பூ, அதைப் பறிக்கலாம். அடியில் குண்டாக, குட்டிக் காய்போல் இருப்பது பெண் பூ, அதைத் தொடக் கூடாது என்று காட்டிக் கொடுத்தேன். மறுநாளும் வந்தாள். அவளுக்காகவே நான் விடியலில் எழத் தொடங்கினேன். அந்த மார்கழியை நான் கடந்தது அப்படித்தான். துக்கம் ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாம் நின்றுவிட்ட இடத்தில் கொடி நிற்பதில்லை, அது பூத்ததை யாருக்காவது எடுத்துக் கொடுக்கும் வேலை நமக்கு மிச்சமிருக்கிறது.

போகியன்று காப்புக் கட்ட ஆவாரம்பூவும் பூளைப்பூவும் போதும். இரண்டுமே யாரும் தண்ணீர் ஊற்றாமல் வளர்பவை. அவற்றைக்கூட இப்போது கட்டுக்கட்டாகச் சந்தையில் வாங்க வேண்டியிருப்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

மாசியில் மரங்களைப் பாருங்கள். நம் முன்னோர் இந்த மாசியையும் பங்குனியையும் பின்பனி என்றார்கள், சித்திரையிலிருந்துதான் அவர்களுக்கு இளவேனில். ஆனால் வேனிலுக்கான ஏற்பாடெல்லாம் பின்பனியிலேயே நடந்துவிடுகிறது. முள்ளிலவமும் கல்யாண முருங்கையும் இலை முழுவதையும் உதறிவிட்டு, வெறுங்கிளையில் சிவப்பாகப் பூக்கும். மைனாக்களும் தேன்சிட்டுகளும் அங்கேதான் இருக்கும். புங்கமரம் ஒரே மூச்சில் இலையைக் கொட்டி, சில நாளில் பளபளவென்று தளிர்த்து, பிறகு பொரியை இறைத்ததுபோலத் தரையெல்லாம் பூ உதிர்க்கும். குப்பை சேருகிறது என்று அந்த மரத்தை வெட்டச் சொல்கிறவர்களோடு நான் சண்டையே போட்டிருக்கிறேன். மே மாத வெயிலில் அவர்கள் வண்டியை நிறுத்துவதும் அதன் நிழலில்தான்.

மாமரத்துக்குத் தை மாதக் குளிரும் வறட்சியும் வேண்டும். அப்போதுதான் பூ இறங்கும். ஒரு கொத்தில் ஆயிரத்துக்கும் மேல் பூ இருக்கும், பெரும்பாலும் ஆண் பூக்கள். கொத்துக்கு ஓரிரண்டு காய் நின்றாலே மரம் நிறைந்துவிடும். புதிதாக மரம் வளர்ப்பவர்கள் பூ கொட்டுவதைப் பார்த்துப் பதறுவார்கள். பிள்ளைகள் தொட்டதெல்லாம் பலிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கும் பெற்றோரிடம் நான் இந்த மரத்தைத்தான் காட்டுவேன். பாட்டு, சதுரங்கம், படம் வரைவது என்று அவர்கள் தொடங்கி விட்டதையெல்லாம் வீண் என்று கணக்குப் போட வேண்டாம். அத்தனை பூவும் பூத்ததால்தான் தேடி வந்த ஈயும் வண்டும் காய் பிடிக்க வைத்தன.

பங்குனியில் வேம்பு பூக்கும். பூக்கள் சிறியவை, ஆனால் தெருமுனையிலேயே வாசனை வந்துவிடும். கிளையை ஒடிக்காதீர்கள். மாலையில் மரத்தடியைக் கூட்டி, பழைய வேட்டி ஒன்றை விரித்து, நான்கு மூலையிலும் கல்லை வைத்துவிட்டால் காலையில் பூ உதிர்ந்து கிடக்கும். காம்பும் தூசியும் போகப் புடைத்து, நன்றாகக் காயவைத்து, ஈரமில்லாத டப்பாவில் போட்டுவையுங்கள். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடிக்குக் கொஞ்சம், மீதி வருடம் முழுக்க ரசத்துக்கு. நெய்யில் கருக வறுத்துக் கடைசியில் போட வேண்டும், கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடும். வெளியூரில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பொட்டலம் அனுப்புகிறேன். சென்னையில் வேலை பார்க்கும் அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் ஒன்று போகிறது.