கண்டாச்சிபுரத்திலிருந்து கல் வழியே

பௌர்ணமிக்குப் பௌர்ணமி விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்குக் கிரிவலக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு போகும் பேருந்துகள் கண்டாச்சிபுரத்தில் ஒரு நிமிடம் நின்றுவிட்டு வேட்டவலம் பக்கம் போய்விடுகின்றன. சன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் குன்றுகள். மூட்டைகளை அடுக்கத் தெரியாமல் அடுக்கியதுபோல் ஒன்றின்மேல் ஒன்றாக உருண்டைப் பாறைகள், இடையிடையே முள்ளும் பனையும். சொல்ல ஆளில்லாவிட்டால் அது வெறும் கல்தான்; பார்த்தவர்கள் அண்ணாமலையைக் கும்பிடப் போகிற நினைப்பில் கண்ணை மூடிக்கொள்வார்கள். சுற்றுலா என்று கிளம்பி வருகிறவர்களோ திண்டிவனத்தில் திரும்பி நேரே செஞ்சிக் கோட்டைக்குப் போய், ராஜகிரியின் அடிவாரத்தில் படம் எடுத்துக்கொண்டு, சாயங்காலத்துக்குள் புதுச்சேரி சேர்ந்துவிடுகிறார்கள். இந்த வட்டாரத்தைச் சுற்றிப் பார்ப்பது என்றால் அதைக் கல் வழியே பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. கண்டாச்சிபுரம் பக்கத்துப் பாறையில் தொடங்கி, குடைவரை, கற்றளி, சந்தை, கோட்டை என்று போகிற ஒரு சுற்று. கூடவே, வாய் திறந்து சொல்ல உள்ளூர்க்காரர் ஒருவர் வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கல் பேசாது.

முதலில் எழும் மறுப்பு, இது நகரம் இல்லையே என்பது. மதுரையில் கோயில், அரண்மனை, கடைவீதி எல்லாம் நடந்து பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன. இங்கே ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்துக் கிலோமீட்டர் மணிலாக் கொல்லையும் கரும்பும். மறுப்பு சரிதான், ஆனால் பாதிதான் சரி. செஞ்சி ஒரு காலத்தில் பெருநகரம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளையும் மதிலால் கோத்து, நடுவில் குளமும் பேட்டையும் கோயிலும் பள்ளிவாசலும் வைத்த நகரம். அதன் தெருக்கள் அழிந்தன. வேங்கடரமணர் கோயில் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள்; அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள் என்பார்கள். நகரம் காலியான பிறகு மிஞ்சியது அதற்குச் சோறு போட்ட ஊர்கள். அந்த ஊர்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் நகரம் முழுதாகத் தெரியும்.

கண்டாச்சிபுரத்தில் இராமநாதீசுவரரைக் கும்பிட்டுவிட்டுக் கீழ்வாலைப் பாறைக்குப் போகலாம். அங்கே பாறை முகத்தில் செங்காவி நிறத்தில் உருவங்கள். பறவை மூக்கு வைத்த முகத்தோடு மனிதர்கள்; ஒரு விலங்கின் மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். காலம் என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது, வரலாற்றுக்கு முந்தியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நல்லது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: இந்தப் பாறையில் கை வைத்த மனிதன் அதை உடைக்கவில்லை, பூசினான். அடுத்து உடையாநத்தம். அங்கே ஈமக் கல்வட்டத்தில், தோளை விரித்து நிற்கும் மனித வடிவில் பெரிய பலகைக்கல் ஒன்றைச் செதுக்கி நட்டிருக்கிறார்கள். ஊரார் அதை விசிறிப்பாறை என்கிறார்கள். பூசிய கை இப்போது பெயர்க்கவும் நிமிர்த்தவும் கற்றுக்கொண்டது. செஞ்சிக்குப் பக்கத்துத் திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். அதே குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவாக வெட்டிய சிறு கல்வெட்டு ஒன்று. எழுத்து, தமிழ் பிராமியிலிருந்து வட்டெழுத்தாக மாறிக்கொண்டிருந்த காலத்தது. மேல்சித்தாமூரில் சமண மடம் இன்றும் நடக்கிறது, தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இந்த ஊர்களில் இன்றும் உழுது வாழ்கின்றன. திருநாதர்குன்றைக் காட்டச் சென்னையிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை.

விழுப்புரம்–செஞ்சி சாலையில் மண்டகப்பட்டு. ஊரார் தூணாண்டார் கோயில் என்று சொல்லும் குடைவரை அங்கே இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் வெட்டுவித்தது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் விசித்திரசித்தனாகிய தான் பிரமனுக்கும் ஈசனுக்கும் விஷ்ணுவுக்கும் எடுத்த வீடு இது என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டில் அவன் பெருமைப்பட்டுக்கொள்கிறான். இந்த வாசகத்தைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் அந்த முகப்புக்கு முன் நின்று, தான் எதையெல்லாம் பயன்படுத்தவில்லை என்று ஒரு அரசன் ஏன் பட்டியல் போடுகிறான் என்று யாராவது கேட்டால்தான் அதன் எடை தெரியும். அதுவரை தெய்வத்தின் வீடு செங்கல்லும் மரமும் சுண்ணாம்புமாக எழும்பியது, மழையிலும் தீயிலும் போனது. கல் என்பது ஈமக்காட்டில் நட்டு வைக்கிற பொருள். அதை அவன் கருவறையாக்கினான். தமிழகத்தில் இதுதான் முதல் குடைவரை என்று அடித்துச் சொல்லும் வழிகாட்டியை நம்ப வேண்டாம். பாண்டிய நாட்டுக் குடைவரைகள் சில இதற்கு முந்தியவை என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள், நல்ல வழிகாட்டி அதையும் சொல்லிவிடுவார். அவர் காட்ட வேண்டியது பின்சுவரில் உள்ள மூன்று வெறுங் கருவறைகளையும், முகப்பின் இரு ஓரத்திலும் நிற்கிற வாயிற்காவலர்களையும். எப்படி வெட்டினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பாறை முகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டங்களுக்கு நடுவே உளியால் வாய்க்கால் போட்டு, மிஞ்சிய திட்டுகளை உடைத்து எறிந்துவிட்டு உள்ளே போய், மறுபடியும் கட்டம் போடுவது. பாதியில் விட்ட பல்லவர் குடைவரைகளில் இந்தக் கட்டங்களை இன்றும் காணலாம். மேலிருந்து கீழே, வெளியிலிருந்து உள்ளே. ஓர் அடி பிசகினால் ஒட்டவைக்க வழியில்லாத வேலை. சற்றுத் தள்ளித் தளவானூரில் அதே அரசனின் சத்துருமல்லேசுவரம். (தென்பெண்ணைக் கரையில் தடுப்பணையால் செய்தியில் அடிபட்ட தளவானூர் வேறு, வழி கேட்கும்போது குகைக்கோயில் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.) மண்டகப்பட்டின் முகப்பு மொட்டையாக இருக்க, இங்கே தூண்களுக்கு மேலே மகரதோரணம் வளைகிறது. கல்லுக்குக் கை பழகிவிட்டது கண்கூடாகத் தெரியும்.

பனமலையில் அந்தக் கைப்பழக்கம் முழுமைக்கு வருகிறது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏரியைப் பார்த்த ஒரு சிறு குன்றின் மேல் தாளகிரீசுவரர் கோயிலைக் கட்டினான். காஞ்சிக் கைலாசநாதரைப் பார்த்தவர்களுக்கு விமானத்தைக் கண்டவுடன் உறவு புரியும். ஆனால் பனமலைக்குப் போக வேண்டியது ஒரு பெண்ணுக்காக. துணைச் சன்னதி ஒன்றின் சுவரில் பார்வதியின் ஓவியம், ஏறக்குறைய பதின்மூன்று நூற்றாண்டு கழித்தும் பாதி மிஞ்சியிருக்கிறது. மேலே குடை, தலையில் மகுடம், சாய்ந்த முகம். ஒரு காலை மடக்கிப் பின்னால் ஊன்றி, எதிரே ஆடுகிற சிவனைப் பார்த்தபடி நிற்கிறாள். சிவனின் உருவம் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ஆடுகிறவர் மறைந்துபோக, பார்க்கிறவளின் கண்ணில் ஆட்டம் மட்டும் இருக்கிறது. கீழ்வாலையில் வெறும் பாறைமேல் பூசிய காவிக்கும் இந்தச் சுண்ணப் பூச்சின்மேல் இழுத்த கோட்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பதை ஒரே நாளில், சில மணி நேர இடைவெளியில் கண்ணால் அளக்கலாம். இந்தியாவில் இப்படி அளக்கக் கிடைக்கும் வட்டாரங்கள் அதிகம் இல்லை.

எண்ணாயிரத்தைச் சுற்றுலாக்காரர்கள் யாரும் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பேன், காரணம் அங்கே கல் கணக்குப் புத்தகமாகிறது. நரசிம்மப் பெருமாள் கோயிலிலுள்ள ராஜேந்திர சோழன் காலக் கல்வெட்டு ஒரு கல்லூரியின் வரவு செலவைச் சொல்கிறது. இளைய மாணவர் 270 பேர், மூத்தவர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். இளையவருக்கு நாளுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரண்டு நாழி. இதற்காக 45 வேலி நிலம். இலக்கணம், வேதம், மீமாம்சை என்று பாடவாரியாகத் தலை எண்ணியிருக்கிறார்கள். இதைப் பெருமையோடு சொல்லும்போதே, அந்த 340 இடங்களில் அந்த நெல்லை விளைவித்தவர்களின் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இருக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கல்வெட்டு அதை எழுதவில்லை. வழிகாட்டி விட்டுவிடக் கூடாது. நாழியும் குறுணியும் என்ன அளவு என்று கேட்கிற பிள்ளைக்கு, செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு அறுவடைக் காலத்தில் வந்து இறங்கும் நெல் மூட்டைகளைக் காட்டலாம். ஆயிரம் ஆண்டாக இந்த வட்டாரம் எழுதிவருவது நெல்லின் கணக்கைத்தான்.

பிறகு செஞ்சி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, மராத்தியரின் படைத்தளங்கள் என்ற தலைப்பில், மகாராட்டிரத்தின் 11 கோட்டைகளோடு 12ஆவதாக. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் செஞ்சி மராத்தியர் கையில் இருந்தது 1677இல் சிவாஜி பிடித்ததிலிருந்து 1698இல் முகலாயரிடம் விழுந்தது வரை 21 ஆண்டு. அதற்கு முன்னே கோன்களும் நாயக்கரும் பீஜப்பூர்ச் சுல்தானும், பின்னே 1714இல் போரில் இறந்த தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். பெயர்ப்பலகையில் 21 ஆண்டுதான் எழுதியிருக்கிறது என்றால் மீதி நூற்றாண்டுகளை யார் சொல்வது? கல்லாவது சொல்லும், காட்ட ஆள் இருந்தால். ராஜகிரி உச்சிக்குச் சற்று முன்னால் மலையே பிளந்து, சுமார் 24 அடி அகலமும் 60 அடி ஆழமுமாக ஒரு வெட்டு, அதன்மேல் பாலம். பாலத்தை எடுத்துவிட்டால் கீழே எத்தனை ஆயிரம் பேர் நின்றாலும் மேலே பத்துப் பேர் போதும். இங்கே மனிதன் கல் கொடுத்த பிளவை எடுத்துக்கொண்டு, அதை இன்னும் ஆழமாக்கினான். அடிவாரத்தில் நெற்களஞ்சியம், சுவர்களின் தடிமனைப் பார்த்தாலே முற்றுகை என்றால் என்னவென்று புரியும். பீரங்கிக்கு முன்னால் பசிதான் கோட்டையை வெல்லும் என்பது அதைக் கட்டியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமையாகப் பார்த்துப் போனால் கோட்டை ஏறுவதற்கு முன் விடியலில் சந்தையைப் பார்த்துவிடலாம். செஞ்சி வாரச்சந்தை ஆட்டுக்குப் பேர்போனது. தீபாவளி, பக்ரீத் சமயத்தில் வெளி மாவட்டத்து வியாபாரிகளும் வண்டியோடு வந்து இரவே காத்திருப்பார்கள். வாங்குகிறவர் முதலில் விலை கேட்பதில்லை. ஆட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகுத் தண்டின் மேல் விரலை ஓட்டுவார், இடுப்பைப் பிடித்து அரையடி தூக்கி எடை பார்த்துவிட்டு இறக்குவார். விற்க வந்த அம்மா கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியபடி அவர் முகத்தைப் பார்ப்பார். பிழைப்பைக் காட்சிப் பொருளாக்குவதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், இஸ்தான்புல்லின் பெரிய கடைவீதியைப் போன்ற இடங்களில் கடைகள் பலவும் பயணிகளை நம்பியே நடக்கத் தொடங்கிவிட்டன. செஞ்சிச் சந்தைக்குப் பயணி தேவையில்லை என்பதே அதன் பாதுகாப்பு. வரும் ஆளுக்கு வழிகாட்டி சொல்ல வேண்டியது எளிமையானது: ஓரமாக நில்லுங்கள், பேரம் நடக்கும்போது படம் எடுக்காதீர்கள், காய்கறி வரிசையில் வீட்டுக்கு வேண்டியதை வாங்குங்கள். கோட்டைக்குள் போனவுடன், இந்த மதில்களுக்குள் இருந்த படைக்கு எங்கிருந்து இறைச்சி வந்தது, நெல் வந்தது என்ற கேள்விக்குப் பதிலைக் காலையிலேயே பார்த்துவிட்டோம் என்பது அவர்களுக்கே தோன்றும்.

ஆள் நடமாட்டம் வந்தால் ஓவியமும் குடைவரையும் கெட்டுப்போகும் என்ற அச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாறையில் பேரைக் கீறுகிறவன் எந்த ஊரிலும் இருக்கிறான். ஆனால் அவன் கீறுவது ஆளில்லாத நேரத்தில். பத்துப் பேருக்கு மேல் கூட்டாமல், கூட ஒருவர் நிற்கிற சுற்று அந்த இடத்துக்கு ஒரு காவல். ஒரே நாளில் எப்படி முடியும் என்பவர்களுக்கு, முடியாது என்பதுதான் என் பதில். கீழ்வாலை, பனமலை, மண்டகப்பட்டு, தளவானூர் ஒரு நாள். செஞ்சிக்குத் தனியாக ஒரு நாள். மரமே கல்லான திருவக்கரையை மூன்றாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். இரவு தங்குகிறவர் செலவழிக்கும் பணம் விழுப்புரத்திலும் செஞ்சியிலும் நிற்கும்.

மிச்சம் இருப்பது கடினமான மறுப்பு. கல் உடைத்துப் பிழைக்கிற குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். குன்றைக் காக்க வேண்டும் என்று ஒரு நாள் வந்துபோகிறவர் சொல்வது அவர்கள் சோற்றில் கை வைப்பது ஆகாதா? ஜல்லி இல்லாமல் வீடும் இல்லை, இந்தச் சாலையும் இல்லை. வழிகாட்டி வேலை கல் குவாரிக்கு ஈடாகச் சோறு போடும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் குன்றை உடைக்கலாம், எதை உடைக்கக் கூடாது என்று தீர்மானிக்க முதலில் எந்தக் குன்றில் என்ன இருக்கிறது என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். தெரியாத குன்று கணக்கில் வெறும் கனமீட்டர்தான். அதனால் சுற்றின் வழியில், கோயிலும் கோட்டையும் இல்லாத ஓர் இடத்திலும் வண்டியை நிறுத்தச் சொல்வேன்: சாலையோரத்தில் பிளந்து கிடக்கிற ஒரு பாறைக்குப் பக்கத்தில். பிளந்த முகத்தின் விளிம்பில் குழிகள் வரிசையாக இருக்கும். விரலை விட்டுப் பார்க்கலாம். குழி நீள்சதுரமாக, ஓரங்கள் மழையில் மழுங்கி, பாறையின் நிறமே ஏறியிருந்தால் அது கையால் வெட்டிய ஆப்புக் குழி. உருண்டையாக, குழாயை நெடுக்கில் பிளந்ததுபோல் நேர் கோடாக இறங்கி, உள்ளே இன்னும் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தால் அது எந்திரத் துளை, போன வருஷத்தது.